எண்பத்தாறும் வந்து சேர்ந்தன

தலைமை நாற்காலியில் வீற்றிருந்து, தம் முன்னே என் அறிக்கைக் கோப்பினையும் மூடி வைத்திருக்கும் இயக்குநர் அவர்களே! மூக்குக்கண்ணாடி துடைத்து என்னை முறைத்து நோக்கும் முதுபெரும் அறிஞர்களே! இவன் எப்போது முடிப்பான் என்று ஏங்கும் தாய்மார்களே! என்னை நம்பாத நண்பர்களே! நானும் உங்களை நம்பவில்லை, கணக்கு நேர். வணக்கம்!

சந்தேகம் என் சம்பளம். முப்பது ஆண்டுகள் கடைகடையாய்த் தராசு சோதித்தவன் நான். படிக்கல்லின் அடியைப் பார்ப்பேன்; கடைக்காரரின் கட்டைவிரலைப் பார்ப்பேன். “உங்களுக்கு உங்க நிழல் மேலயே சந்தேகம்” என்பாள் என் மனைவி. உண்மைதான். அது ஏன் பின்னாலேயே வருகிறது?

அப்படிப்பட்டவனை இந்த ஆய்வுக்கூடத்தின் அளவுகளைச் சரிபார்க்க அமர்த்தினீர்கள். முதலில் அகப்பட்டவர், ஒரு கிலோமீட்டர் குழாயின் கடைக்கோடியில் அமர்ந்து துகள் எண்ணும் அம்மையார். ஒளியைவிடச் சற்றே குறைந்த வேகத்தில் நூறு துகள்களை அந்தக் குழாயில் விடுகிறார்கள். அற்பாயுசுத் துகள்கள்! ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறுபோட்டால், இரண்டே சொச்சம் கூறுதான் சராசரி உயிர். என் கணக்கில் இருபத்திரண்டு வந்து சேரலாம். அவர் எழுதியதோ எண்பத்தாறு! எண்பத்தாறா? எமனுக்கே லஞ்சமா?

“சார், நீங்க நிக்கிறீங்க, அது ஓடுது. நம்ம கடிகாரப்படி அது பத்து மடங்கு நேரம் உயிரோட இருக்கு” என்றார்.

“அதுகிட்ட கேட்டா?”

“என் ஆயுசு அதேதான், உங்க குழாய்தான் வெறும் நூறு மீட்டர்னு சொல்லும்.”

காதில் பூச்சுற்றுகிறார் என்று கறுவினேன். பொய்க்கணக்கு என்று அறிக்கை எழுதினேன். முடிவு வரும்வரை அவரை வீட்டில் இருக்கச் சொல்லி அனுப்பினேன்.

பிறகு? குழாயறைப் பூட்டை மாற்றினேன், புதுப் பூட்டு, மூன்று சாவி. எண்ணும் கருவியை மாற்றினேன். குழாயை நாடா பிடித்து அளந்தேன், விரற்கடையும் குறையவில்லை. நானே அமர்ந்தேன். எண்பத்தைந்து! அகப்பட்டார் என்று துள்ளினேன். அடுத்த நூறில் எண்பத்தேழு!

தலைவர் மணி அடிக்கிறார். என் கடிகாரத்தில் இன்னும் நேரமிருக்கிறது என்று தப்பிக்கலாமா? முடியாது! நாம் ஒரே மண்டபத்தில் நிற்கிறவர்கள். அந்தச் சலுகை ஓடுகிறவருக்குத்தான்.

அன்பர்களே! நேரத்தில் பேதம் உண்டு, நீளத்தில் பேதம் உண்டு; வந்து சேர்ந்தது எத்தனை என்பதில் பேதம் உண்டா? நின்றவனைக் கேளுங்கள், எண்பத்தாறு! ஓடியவனைக் கேளுங்கள், எண்பத்தாறு! அந்த ஒன்றைத்தானே அவர் எழுதினார்? ஊரையே சந்தேகித்த நான், என் கைக்கடிகாரத்தை மட்டும் கடவுளாய் நம்பினேன். வெட்கப்படுகிறேன்.

தலைவர் அவர்களே, அந்தக் கோப்பில் இருப்பது என் அறிக்கை. மாலைக்குள் நீங்கள் கையெழுத்திட்டால் அவர் வேலை போய்விடும். இந்த மேடையிலேயே அதைத் திரும்பப் பெறுகிறேன். கையெழுத்திடவில்லையா? சொன்னால் போதாது, திறந்து காட்டுங்கள். நன்றி!

கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரே, மேடைக்கு வாருங்கள். இதோ குழாயறைச் சாவிகள். என்ன பார்க்கிறீர்கள்?

“சார், மூணு சாவின்னு சொன்னீங்க. இதுல ரெண்டுதான் இருக்கு.”

இதோ, என் சட்டைப்பையில் மூன்றாவது. சந்தேகப்படுங்கள் அம்மா, இன்று அந்த உரிமை உங்களுடையது. அனைவருக்கும் நன்றி கூறி, தலைகுனிந்து விடைபெறுகிறேன். வணக்கம்!