ஐம்பத்தெட்டாம் சேனலில் எதுவும் இல்லை

எனக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. ஹோ நகரத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்ததில் நான் கை நனைத்த ஒரே கடை, லாரி நிலையத்து ஓரத்தில் யாவா அக்கா, எங்கள் பேச்சில் டாவி யாவா, வைத்திருந்தது. அவர் போடும் அக்ப்லே களியும் வெண்டைக்காய்க் குழம்பும் என் வயிற்றை ஒருநாளும் படுத்தியதில்லை. அந்த அம்மாள் மீது எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் வேலை விசாரணைக் குழுவுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் முறையாகச் சொல்லிவிடுகிறேன். டெலிவிஷன் நிலையங்கள் புது முறைக்கு மாறி நெருக்கி உட்கார்ந்ததில் மேல் சேனல்கள் காலியாகிவிட்டன. அவற்றை அரசாங்கம் செல்போனுக்கு மாற்றிக் கொடுக்கிறது. கொடுப்பதற்கு முன் அலைவரிசை ஆணையத்தின் பொறியாளர் அளவை வண்டியில் மூன்று நாள் ஊரைச் சுற்ற வேண்டும். அந்தச் சேனலில் கருவிக்கு என்ன எட்டினாலும் தாளில் எழுத வேண்டும். ஒன்றும் எட்டாவிட்டால் 'எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் கம்பெனி தன் கோபுரத்தை இயக்கலாம். எங்கள் வட்டாரத்தில் அந்தக் கையெழுத்து என்னுடையது.

எலிகெம் என்னோடு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன், நாலு வருடம் இளையவன். என்னை 'எஃபோ' என்பான். அண்ணன் என்று பொருள். குன்றின் மேலிருக்கும் மிஷன் ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறான். ஐந்து வருடத்துக்கு முன் அங்கே வெளிநாட்டிலிருந்து பழைய இதயக் கருவிகள் பதினாறு நன்கொடையாக வந்தன. நோயாளியின் மார்பில் மாட்டும் சின்னப் பெட்டி, துடிப்பைக் கம்பியில்லாமல் அனுப்பும். நர்ஸ் தன் மேஜையிலேயே உட்கார்ந்து எல்லாரையும் திரையில் பார்க்கலாம். ஆனால் அவை பேசுவது டெலிவிஷன் சேனலில். உரிமம் கேட்டு அக்ரா தலைமையகத்துக்கு எழுதினால் ஒரு வருடம் இழுத்துவிட்டு முடியாது என்பார்கள்.

"எஃபோ, இங்க ஆளுங்க கட்டில்ல செத்துக்கிட்டு இருக்காங்க. நான் உக்காந்து ஃபாரம் நிரப்பவா?" என்றான்.

"இங்க ஐம்பத்தெட்டாம் சேனல் காலியாத்தான் கெடக்கு. போட்டுக்க. எழுத்துல எதுவும் வேணாம்," என்றேன்.

அது தவறு, ஒத்துக்கொள்கிறேன். பாசத்தில் செய்த தவறு. கருவிகளை இயக்கிய அன்று வண்டியைக் குன்றடியில் நிறுத்தி, சரியாக வேலை செய்கிறதா என்று இரண்டு பேருமாகப் பார்த்தோம். எலிகெம் குழந்தைபோல் கைதட்டினான்.

இரண்டு வருடத்துக்கு முன் வட்டாரத் தலைமைப் பதவி எனக்கு வர இருந்தது. என் மனைவி புதுத்துணி தைத்து வைத்துவிட்டாள். அக்ராவுக்குக் கூப்பிட்டார்கள். குன்றின் மேல் யாரோ உரிமமில்லாமல் ஐம்பத்தெட்டைப் பயன்படுத்துவது எனக்குத் தெரியும் என்று தகவல் இருப்பதாகச் சொன்னார்கள். யார் சொன்னது என்று கேட்டேன். அது உள்விஷயம் என்றார்கள். ஏதோ சோதனை, எப்போதோ நின்றுவிட்டது என்று சமாளித்தேன். கோப்பை மூடினார்கள். பதவி வேறொருவருக்குப் போயிற்று.

இரண்டே பேருக்குத் தெரிந்த விஷயம். நான் சொல்லவில்லை. மிச்சம் யார் என்பதற்கு யோசிக்கவே வேண்டாம். கூடப்பிறந்தவன் போல வைத்திருந்தேன் அவனை. ஆனாலும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பான்; அந்தப் பொய்யை வேறு நான் கேட்டுத் தொலைக்க வேண்டும். வழக்கம்போல் சிரித்துப் பேசினேன். அவன் மகளின் பெயர்சூட்டு விழாவுக்குப் போய் வாழ்த்திவிட்டும் வந்தேன்.

இந்த மார்ச்சில் ஐம்பத்தெட்டு செல்போனுக்கு ஒதுக்கப்பட்டது. வண்டியை எடுத்தேன். இரண்டாம் நாள் குன்றடியில் என் திரையில் சின்னச் சின்ன முட்கள் எழுந்தன. ஒரு முள் ஒரு மனிதர். எண்ணினேன், பதினொன்று. தாளில் 'எதுவும் இல்லை' என்று எழுதினேன். பதிவேட்டிலும் எதுவும் இல்லைதான். பதிவு செய்யாதவருக்குப் பாதுகாப்புக் கேட்கும் உரிமை கிடையாது. விதியை நான் எழுதவில்லை.

அந்த வாரம் டாவி யாவாவின் கடை பூட்டியிருந்தது. விசாரித்தால் ஆஸ்பத்திரி என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். ஏழாம் கட்டில்.

"என்ன செனானு, இப்படி வத்திட்ட? நான் கடைய மூடுனா இந்த ஊர்ல ஒருத்தி உனக்குச் சோறு போட மாட்டாளா?"

"நீங்க எந்திரிச்சு வாங்க டாவி. அதுவரைக்கும் பட்டினிதான்."

அவர் மார்பிலிருந்த பெட்டியைத் தட்டினார். "இந்தச் சனியன மாட்டிவிட்டுட்டு, இந்தப் பய என்னைக் கக்கூஸுக்குக்கூட நிம்மதியா விடமாட்டேங்குறான்."

எலிகெம் சிரித்துக்கொண்டே வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

"எஃபோ, டிவி சேனலையெல்லாம் ஃபோனுக்குக் குடுக்கறாங்களாமே? ரேடியோல சொன்னான். நம்ம ஐம்பத்தெட்டுக்கு ஏதும் வருமா?"

"வந்தா உன்கிட்ட சொல்ல மாட்டேனா?"

"அதானே. நீங்க இருக்கறப்ப எனக்கென்ன கவலை."

நல்ல நடிகன் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கம்பெனி கோபுரத்தின் திறப்புவிழா. பாஸ்டர் ஜெபித்தார், ஊர்த்தலைவர் பொத்தானை அழுத்தினார். எட்டாவது நிமிடம் எலிகெமின் பெயர் என் ஃபோனில் வந்தது. ஐந்து முறை வந்தது. கம்பெனித் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் எழுந்துபோவது மரியாதையில்லை. ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். கோபுரத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு, ஒரு வார்த்தை போதும். பிறகு இறைச்சி வைத்த மீட் பை பலகாரம் கொடுத்தார்கள். வெளியில் சாப்பிடாதவன், அன்றைக்கு ஒன்று சாப்பிட்டேன்.

குன்றின் மேல் நடந்ததை மாலையில் கேள்விப்பட்டேன். கோபுரத்தின் சிக்னலில் அமுங்கி, நர்ஸின் திரையில் பதினொரு கோடும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. எல்லாக் கோடும் சேர்ந்து படுத்தால் கருவி கெட்டுவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நர்ஸ்களும் அப்படித்தான் நினைத்தார்கள். எலிகெம் கூரையேறி ஆன்டெனாவைப் பிரித்துக்கொண்டிருந்தான். நாற்பது நிமிடம். அந்தப் பதினொன்றில் ஏழாம் கட்டிலின் கோடு மட்டும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

இப்படி ஆகும் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். யாருக்கு என்றுதான் தெரியாது. யாருக்கு ஆனாலும் எலிகெம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். டாவி யாவாவைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் என் முன்னால் வைத்திருக்கும் தாளுக்கு வருகிறேன். அன்றைய 'தகவல்' இதுதான் என்கிறீர்கள். பதவி உயர்வுக்காக என் பழைய தாள்களைப் புரட்டியபோது கிடைத்ததாம். 'குன்று. சேனல் 58. மெல்லிய சிக்னல், சீரானது. உரிமம் இல்லை.' கீழே என் கையெழுத்து. தேதி, கருவிகளை முதல்முதலாக இயக்கிய அன்று. கருவிக்கு எட்டியதை எழுதியே பழகிய கை. எழுதி மற்றத் தாள்களோடு அக்ராவுக்கும் அனுப்பியிருக்கிறேன். நினைவே இல்லை.

என் எழுத்துதான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எலிகெம். நான் எழுதுவதைப் பார்த்திருப்பான். 'எஃபோ, இதை எழுதாதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. அதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.