கூரை வெட்டின கார்

எல்லர்ஸ்லிப் புறநகரிலிருந்து நகரத்துக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்துக்காரர்கள் இருந்தார்கள். மூத்தவரின் நகங்களில் கார் பெயின்ட் காய்ந்திருந்தது.

"நல்ல காரின்ரை தலையைச் சீவிப்போட்டு, அதை அழகெண்டு சொல்லுறாங்கள்" என்றார் அவர். நான் என் வோக்மனை நிறுத்திவிட்டேன்.

"எந்தக் கார் அண்ணை?" என்று கேட்டார் இளையவர்.

"நான் ரெண்டு வருசமாத் திருத்தின அந்த ரெண்டு கதவுக் கார்தான். முப்பதுகளிலை செய்தது. ஒவ்வொரு நட்டையும் அந்தக் காலத்து நட்டாத் தேடிப் பூட்டினனான். காரின்ரை சொந்தக்காரக் கிழவன் செத்துப்போக, கார் மகன்ரை கைக்கு வந்திட்டுது. அவன் மட்காட் நாலையும் கழட்டி எறிஞ்சிட்டு, பெரிய எஞ்சின் ஒண்டைத் தூக்கி வைச்சிருக்கிறான். கூரையையும் நாலு அங்குலம் வெட்டிப் பதிச்சாச்சு. இப்பிடி வெட்டிக் கொத்தின பழங்காருக்கு ஹொட் ரொட் எண்டு பேராம்!"

"ஏனாம்?"

"ஐம்பதுகளிலை அமெரிக்கப் பெடியள் இப்பிடித்தான் செய்தவங்களாம். பாரம்பரியமாம். கேட்டியே, பாரம்பரியம்! உள்ளுக்கு இருந்தா நாடி முழங்காலிலை முட்டும். றோட்டைப் பாக்கிறதெண்டா கடிதப் பெட்டிக்குள்ளாலை பாக்கிற மாதிரி."

"விசர் வேலை."

"ஓம், படிச்ச விசர்."

"அந்தக் கூரையை ஆர் அண்ணை வெட்டினது?"

மூத்தவர் நகத்தில் காய்ந்திருந்த பெயின்டைச் சுரண்டினார்.

"நான்தான்."

"நீங்களோ?"

"பின்னை? வேறை ஆரிட்டைக் குடுத்தாலும் கோணலா வெட்டிப்போடுவாங்கள்."