சுமனோட கொரல்

எங்கப்பாவுக்கா டொக்டர்? ஆமா, பதினாறு முடிஞ்சுதான் மீச வந்துச்சாம். அத வச்சு, தம்பியும் அப்பா மாதிரி லேட்டாதான் வளருவான், பொறுங்கன்னு சொல்லி அனுப்பிடாதீங்க. அம்மா அதத்தான் எதிர்பாக்குறாங்க. அம்மாவும் தம்பியும் எக்ஸ்ரே எடுத்துட்டு வர்றதுக்குள்ள சொல்லிடுறேன்.

நோய் ஒண்ணும் இல்ல. சோறும் இருக்கு. தேயிலத் தோட்டத்து லயத்துப் பிள்ளைங்கன்னா பட்டினின்னு நெனைக்காதீங்க. நான் ஓ/எல் பரீட்ச எழுதிட்டு ஓப்பநாயக்க டவுன்ல ஹில்மி நானா கடையில வேலைக்கு நிக்கிறேன், முட்ட, பருப்பு வாங்கிட்டுதான் போவேன். இவன் பெசஞ்சு பெசஞ்சு நாய்க்குப் போட்டுடுறான்.

நான் பெரிய மனுஷியானப்ப லயமே கூடித் தண்ணி ஊத்துச்சு. பொடியன்னா யாரு பாக்குறா? நான்தான் பாத்தேன்.

ரெட்டப் பிள்ளைங்க டொக்டர். இவன் சுமன், மத்தவன் திலக்‌ஷன். பத்து வயசுல, ஒரு பெரிய மழைக்கு லயத்துக்குப் பின்னால மண்ணு சரிஞ்சப்ப திலக்‌ஷன் உள்ள போயிட்டான். அம்மான்னு கூப்பிட்டது மேல கேட்டுச்சு. தோண்டத் தோண்டக் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல.

ரெண்டு பேருக்கும் ஒரே கொரல். அதுலருந்து தெனம் வெளக்கு வச்சதும் சுமன் வெளிய போய் நிக்கணும். அம்மா கதவ மூடிட்டு உள்ள உக்காந்திருப்பாங்க. அம்மா, திலக்‌ஷன் வந்திருக்கேன், கதவத் தொறங்கன்னு இவன் சொல்லணும். சொன்னா தொறந்து கட்டிப் பிடிச்சுக்குவாங்க. பூசாரி வேணாம்னு சொல்லியும் கேக்கல. இவனும் மாட்டேன்னதில்ல.

பைத்தியமா? என்னமோ வச்சுக்குங்க. பகல்ல கொழுந்தெடுக்கப் போறாங்க, எல்லார்கிட்டயும் நல்லாத்தான் பேசுறாங்க.

இல்ல டொக்டர், லேட்டெல்லாம் இல்ல. மத்தப் பொடியனுங்களுக்கு மாதிரிதான் இவனுக்கும் வந்துச்சு. போன வருஷம், மாரியம்மன் திருவிழா முடிஞ்ச வாரம். வெளிய நின்னு அம்மான்னு ஆரம்பிச்சான். பாதியில கொரல் ஒடஞ்சு ஆம்பளக் கொரல் வந்துருச்சு.

அம்மா தொறக்கல. உள்ளேருந்து மரியாதையாச் சொன்னாங்க: யாருங்க அது, அவரு வீட்டுல இல்ல, காலையில வாங்க.

மழையில அப்படியே நின்னான். நான்தான் பின்னால குசினிக் கதவு வழியா உள்ள கூட்டிட்டு வந்தேன்.

சரியாச் சாப்பிடாத பிள்ளைங்க வளர லேட்டாகும்னு சுகாதாரப் பாடத்துல அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. மறுநாள்லருந்துதான் இந்தச் சாப்பாட்டுக் கத. இப்ப தொண்டைய இறுக்கிக்கிட்டு பழைய மாதிரியே பேசுறான்.

அம்மா தொறக்குறாங்க.