சந்திரகலாவின் டம்ளருக்கு ஒரு சட்டை

இந்தச் சபைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஹேமலதா அம்மையார் அவர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அவசர அவசரமாய்ப் புடவை மாற்றி வந்து அமர்ந்திருக்கும் அன்னையரே! லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, இன்னும் ஹெல்மெட்டை மடியிலிருந்து இறக்காத மருமக்களே! காற்றாடிக்குக் கீழே இடம் பிடித்துக்கொண்ட பெரியோர்களே! குருசுக்குப்பம் மகளிர் குழுவைச் சேர்ந்த தையல்நாயகி உங்கள் அத்தனை பேரையும் கைகூப்பி வணங்குகிறேன்!

மேசையில் இருக்கும் இந்த டம்ளர் உறைகளைப் பாருங்கள். நூலும் குரோஷே ஊசியும் கொண்டு நாங்கள் பின்னியவை. டம்ளருக்கு எதற்குச் சட்டை? டீக்குக் குளிருமா? துர்கா, பின்வரிசையில் சிரிப்பது நீதானே? சிரி. சிரித்துவிட்டுக் கேள்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சந்திரகலா என் கொழுந்தனார் மனைவி. என் மகள் கல்யாணப் பந்தியில், மூன்றாவது இலையில் உட்கார்ந்து, "பாயசத்துல சர்க்கரையே இல்ல" என்று சம்பந்தி காதில் விழும்படி சொன்னவள். இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. அன்று நிறுத்திய பேச்சு. மறந்தேனா? மறப்பேனா? அவள் கட்டியிருந்த மாம்பழ நிறப் புடவையின் கரையைக்கூட நான் மறக்கவில்லை!

ஆனால் தாய்மார்களே, போன தை மாதம் நான் கண்டது என்ன? சனிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் கையிலும் டீ. சந்திரகலா கை மட்டும் மடியில். சர்க்கரை நோய் அவள் விரல்களில் உணர்வைத் தின்றுவிட்டது. சூடு தெரியாமல் எவர்சில்வர் டம்ளரைப் பிடித்துப் பிடித்து, விரலெல்லாம் கொப்புளம். அவள் மருமகள் தீபலட்சுமி ஸ்பூனில் எடுத்து ஊட்டப் போனாள்.

"வாணாம்மா. எனக்கு டீயே புடிக்கல" என்றாள் சந்திரகலா.

டீ பிடிக்காதா? ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் குடித்தவளுக்கா? நாலு பேர் நடுவில் குழந்தைபோல் வாயைத் திறக்க அவளுக்கு மனம் வரவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அவள் கூனிக் குறுகி உட்கார வேண்டும் என்ற ஆசை எனக்கு என்றும் இருந்ததில்லை!

படிப்பில்லாதவள் நான். பக்கத்து வீட்டுக் கவிநிலா போனில் காட்டிய வெளிநாட்டுக் கோப்பை உறையைப் பார்த்தே பின்னினேன். அடுத்த சனிக்கிழமை, ஒரு வார்த்தை பேசாமல், உறை போட்ட டம்ளரை அவள் முன் வைத்தேன். எடுத்தாள். நம் வழக்கப்படி வாய் வைக்காமல், தலையை அண்ணாந்து, டம்ளரைத் தூக்கிச் சாய்த்தாள். உறை கையிலேயே நின்றது. டம்ளர் வழுக்கி நெஞ்சில் விழுந்தது! பாதி ஆறிய டீ, உடம்பு தப்பியது. புடவை தப்பவில்லை.

"பாயசத்துக்குப் பழி தீத்துகிச்சு பாரு தையலு!" என்றாள் பாக்கியலட்சுமி. கூடமே நம்பியது. அவளும் நம்பினாளோ என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் டம்ளரைக் கையில் வைத்துப் பார்த்தேன். கோப்பையை உதட்டில் வைத்து உறிஞ்சுபவர்களின் உறையல்லவா அது? நாமோ கவிழ்த்து ஊற்றிக்கொள்பவர்கள். நம் டம்ளர் அடியில் ஒடுக்கம், வாயில் அகலம். நானோ வாயளவை எடுத்து, அடிவரை ஒரே அளவாய்ப் பின்னியிருந்தேன். அத்தனையையும் பிரித்தேன். வழுக்கும் நூலை விட்டுப் பருத்தி நூல் எடுத்தேன். அடிவட்டத்தில் தொடங்கினேன். மேலே போகப் போகக் கண்ணிகளைக் கூட்டினேன், தோல்போல் ஒட்டும்வரை. தண்ணீர் நிரப்பி நானே அண்ணாந்து சாய்த்துப் பார்த்தேன். நனைந்தேன். மறுபடி பிரித்தேன். நான்காம் முறை டம்ளர் அசையவில்லை!

மூன்றாவது சனிக்கிழமை. சந்திரகலா டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பழைய புடவைதான் கட்டி வந்திருந்தாள், கெட்டிக்காரி! எடுத்தாள். அண்ணாந்தாள். சாய்த்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை! கடைசி மடக்கு வரை தன் கையால் குடித்தாள். வாயைத் துடைத்தாள். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு என்னிடம் முதல் வார்த்தை பேசினாள். என்ன பேசினாள் தெரியுமா?

"அக்கா, சர்க்கரையே இல்ல."

"சுகர வச்சிகிட்டு சர்க்கர கேக்குறியாடி!" என்றேன்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! அன்று அவளும் சிரித்தாள். பாயசத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்தேன் என்று யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம். ஆனால் கை மரத்தவர் உங்கள் வீட்டில் உண்டா? பகையாளி வீட்டில் உண்டா? இந்த உறையை எடுத்துச் செல்லுங்கள். சண்டையை அப்புறம் தொடருங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. இதோ டீ வருகிறது. முதல் டம்ளர் சந்திரகலாவுக்கு. சர்க்கரை இல்லாமல். வணக்கம்!