நிபுணர் வாங்கிய நாலு டயர்

ராத்திரி இரண்டு மணி பத்து நிமிஷம். மலைமேல் இருக்கிற செல்போன் டவரிலிருந்து கீழே தார் ரோட்டுக்கு இறங்கும் மண்பாதை... ஏழு கிலோமீட்டர். வீடு கிடையாது, விளக்கு கிடையாது. விடாத மழை. அதில் ஒரே ஒரு பிக்கப் வண்டி இறங்கிக்கொண்டிருக்கிறது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இது கத்திச் சொல்கிற கதை இல்லை. நம்மோடு வேலை பார்க்கிறாரே வெல்டர், அவருடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் சொந்தபந்தம் முழுக்க 'நிபுணர்' என்றுதான் சொல்லும், அதுவும் அவர் முதுகுக்குப் பின்னால். டாக்டரிடம் போனால் டாக்டருக்கே மருந்து எழுதிக் கொடுப்பார். வெந்நீர் வைக்கத் தெரியாது, பெண்டாட்டிக்கு உப்பு அளவு சொல்லித் தருவார். அவர் கற்றுக்கொள்ளாத ஒரே வித்தை வாயை மூடுவது.

அன்றைக்கு அவரோடு வண்டியில் இருந்தவன் மச்சினன், வெல்டரின் தம்பி. முப்பது வயது, ஜெனரேட்டர் மெக்கானிக். தங்கமான கை, ஆனால் நெஞ்சு மட்டும் சரியில்லை. கொஞ்சம் குளிர்ந்தால் போதும், வீசிங் வந்து மூச்சுக்குத் தவிப்பான். டவரில் ஜெனரேட்டர் நின்றுபோச்சு என்று போன் வந்து இரண்டு பேரும் கிளம்பியபோது, அக்கா வாசல்வரை வந்து புருஷனிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"அவனை மழையில நிக்க வெச்சிடாதீங்க. இன்ஹேலர் பையில இருக்கு. பை அவன்கிட்டயே இருக்கட்டும்."

"எனக்கே சொல்றியா?" என்றார் நிபுணர். பையை அவன் கையிலிருந்து பிடுங்கி டேஷ்போர்டு பெட்டிக்குள் திணித்து மூடினார். அந்த வீட்டில் யார் என்ன சொன்னாலும் அவர் அதற்கு நேர்மாறாகத்தான் செய்வார்.

டயர் வாங்கினதும் அப்படித்தான். போன மாதம் டயர் கடைக்குப் போனார். கடைக்காரர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"உங்க வண்டி முக்கால்வாசி தார் ரோட்டுல ஓடுது. வாரத்துல ரெண்டு நாள்தான் மண்பாதை. ஆல் டெரெய்ன் போட்டுக்குங்க சார். வெயிலோ மழையோ, ரோடோ சேறோ, வருஷம் பூரா தாங்கும்."

"அது ஸ்கூல் வேன்காரன் போடுறது," என்றார் நிபுணர். கண் கடை மூலைக்குப் போய்விட்டது. அங்கே தார்ப்பாய்க்கு அடியில் நாலு பழைய டயர். சேற்றுக்கென்றே செய்தது. கட்டை கட்டையாகப் பல், பக்கவாட்டில் வெள்ளை எழுத்து. பார்த்தால் மிரட்டும். அவருக்கு வேறென்ன வேண்டும்?

"அது விக்கிறதுக்கு வெச்சதில்ல சார்," என்றார் கடைக்காரர். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "சேத்துல மாட்டின வண்டியிலேர்ந்து கழட்டினது. அந்த வண்டியில ரெண்டு பேரு போனாங்க. அதுல ஒருத்தரு..."

"கதை வேணாம். டயரை உருட்டு."

அந்த ஒருத்தருக்கு என்ன ஆனது என்று இன்றுவரை நமக்குத் தெரியாது. ஒரு மனிதனை ஒரு வாக்கியம் முடிக்க விட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கூத்து அதோடு முடியவில்லை. அந்த மாதிரி டயருக்கு ஓடுகிற திசை உண்டு, பக்கவாட்டில் அம்புக்குறி போட்டிருக்கும். அந்தப் பக்கம் சுற்றினால்தான் பல்லுக்கு நடுவில் ஏறின சேற்றை வெளியே வீசும். மாற்றி மாட்டினால் சேற்றை அப்பிக்கொண்டு வழுவழு உருண்டையாகிவிடும். ஆனால் வெள்ளை எழுத்து ஒரு பக்கம்தான் இருந்தது. அம்புக்குறிப்படி மாட்டினால் வண்டியின் வலது பக்கத்தில் எழுத்து உள்ளே மறைந்துபோகும். நிபுணருக்கு அது பொறுக்குமா? எழுத்து வெளியே தெரியட்டும் என்றார். "அம்புக்குறி பின்னால பாக்குதே சார்," என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "ரோட்டுல பாக்குறவன் எழுத்தைத்தான் பாப்பான், அம்பையா பாப்பான்?" என்று சிரித்துவிட்டு வந்தார் இந்த மேதை.

சரி, மலைக்கு வருவோம். ஜெனரேட்டரை மச்சினன் ஓட வைத்துவிட்டான். இறங்கும் வழியில் மூன்றாவது வளைவு, ஒரு பள்ளம். வலது பின்சக்கரம் இறங்கியது. விர்ர்ர்... என்று ஒரே இடத்தில் சுற்றியது. சேறு தகரத்தில் சடசடவென்று அடித்தது. வண்டி நகரவில்லை.

"இறங்கித் தள்ளு மாப்ள."

"மழை கொட்டுது மாமா. கொஞ்சம் விட்டதும்..."

"ரெண்டே நிமிஷம்டா. கிளட்ச் பிடிக்கிற நுணுக்கம் எனக்குத்தான் தெரியும்."

இறங்கினான். நிபுணர் கதகதப்பாக சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தார். கண்ணாடியில் பார்த்தார். பின்விளக்கின் சிவப்பு வெளிச்சத்தில் மச்சினன் குனிந்து தள்ளுவது தெரிந்தது, இடது ஓரத்தில். வலது ஓரத்தில்... இன்னொருவர். தலை குனிந்திருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

ராத்திரி இரண்டு மணிக்கு, அந்த மலையில், யார் அது? அரைகுறை மூளை உள்ளவன்கூடக் கேட்டிருப்பான். நிபுணர் கேட்கவில்லை. யாரோ ஆள் கிடைத்தது நல்லதாய்ப் போச்சு என்று இன்னும் அழுத்தி மிதித்தார். வண்டி துள்ளி மேலே வந்தது. சறுக்கிக்கொண்டே நூறு அடி போய், பாறைத் தரை வந்த இடத்தில் வேகம் குறைந்தது.

பக்கத்துக் கதவு திறந்தது. யாரோ ஏறினார்கள். டப்... கதவு சாத்திக்கொண்டது.

நிபுணர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பேச ஆரம்பித்துவிட்டார். "பாத்தியா? ஆல் டெரெய்னா இருந்தா இந்நேரம் விடிய விடிய அங்கேயே கிடந்திருப்போம். டயர்னா பல்லு வேணும் மாப்ள, பல்லு..." வளைவுக்கு வளைவு பாடம் நடந்தது. பக்கத்திலிருந்து பதில் இல்லை. அவருக்குப் பதில் என்றைக்குத் தேவைப்பட்டது? தண்ணீர் மட்டும் சொட்டியது. சொட்... சொட்... காலடி ரப்பர் பாயில். ஒரு வாடையும் வந்தது, நாள்பட்டுத் தேங்கின சேற்றின் வாடை. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

தார் ரோடு வந்தது. பல் டயர் ஊ...ம் என்று முனக ஆரம்பித்தது. அந்த முனகலுக்கு நடுவில் போன் அடித்தது. திரையில் மச்சினன் பெயர்.

"மாமா... எங்க போயிட்டீங்க? நிக்காமலே போயிட்டீங்களே..." பேச்சுக்கு நடுவில் விசில் மாதிரி மூச்சு இழுத்தது. "முடியல மாமா... பை வண்டியில இருக்கு..."

சொட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

உலகத்தில் எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் வைத்திருந்த மனிதர், பக்கத்து சீட்டைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் சொல்லவில்லை. கழுத்தை ஒரு இம்மி திருப்பவில்லை. "வரேன்டா, அங்கேயே இரு," என்றார். வண்டியைத் திருப்பினாரா? நேராக ஓட்டினார். இரண்டு கிலோமீட்டரில் ஒரு பெட்ரோல் பங்க். விளக்கு வெளிச்சத்தில் வண்டியை விட்டுவிட்டு இறங்கி ஓடி, கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். போன் ஆறு முறை அடித்தது. ஆறு முறையும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏழாவது முறை அடிக்கவில்லை.

அங்கே மலைப்பாதையில் ஒருத்தன் மூச்சுக்குப் போராடுகிறான். மருந்து இவர் வண்டியில்.

பொழுது விடிந்து வெளிச்சம் வந்த பிறகுதான் வீரமும் வந்தது. மழை விட்டிருந்தது. எட்டிப் பார்த்தார், பக்கத்து சீட் காலி. தனியாக மலை ஏறினார். வழியெல்லாம் பெண்டாட்டியிடம் என்ன சொல்லித் தப்பிப்பது என்றே யோசித்தார். மச்சினன் உயிரோடு இருப்பானா என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. பள்ளத்துக்குக் கீழேயே வண்டியை நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு நடந்தார்.

வளைவில் ஒரு கல்மேல் மச்சினன் உட்கார்ந்திருந்தான். முகம் தெளிவாக இருந்தது. சட்டை காய்ந்திருந்தது. கையில் இன்ஹேலர்.

"டேய்... நல்லா இருக்கியா?"

அவன் ஒரு மாதிரி பார்த்தான். "என்ன மாமா புதுசா கேக்கறீங்க? அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க."

நிபுணர் கண் கல்மேல் அவன் பக்கத்தில் இருந்த காலி இடத்துக்குப் போனது.

"போன் பண்ணிப் பண்ணிப் பாத்தேன், எடுக்கல. செத்தேன்னு நெனச்சப்போ இருட்டுல நடந்து வந்து இன்ஹேலரைக் குடுத்தீங்க. மழை நிக்கிற வரைக்கும் குனிஞ்சு என்னை மறைச்சுக்கிட்டே இருந்தீங்க. ராத்திரி பூரா ஒரு வார்த்தை பேசல." அவன் கண் கலங்கிவிட்டது. "அக்காவைக் கட்டின நாள்லேர்ந்து உங்களை எனக்குப் பிடிக்காது மாமா. நேத்து ராத்திரிதான் பிடிச்சுது."

நிபுணர் அவன் கையைப் பிடித்துக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே வண்டிப் பக்கம் நடந்தார். "வா... ஏறு, வீட்டுக்குப் போயிடலாம்."

வண்டிக்குப் பத்தடி முன்னால் மச்சினன் நின்றுவிட்டான்.

"நான் நடந்தே வரேன். நீங்கதானே கிளம்பும்போது அதை மட்டும் சொன்னீங்க... வண்டியில இடம் இல்ல, ஏறாதேன்னு."

நிபுணர் மெதுவாகத் திரும்பி முன்கண்ணாடி வழியாகப் பார்த்தார். பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. ஆனால் சீட் பெல்ட் இழுத்து மாட்டியிருந்தது. அது சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை, ஒரு ஆள் கனத்துக்கு முன்னால் தள்ளி நின்றது. பிறகு கொஞ்சம் ஏறியது... கொஞ்சம் இறங்கியது... மறுபடியும் ஏறியது.