இந்த மாத வானத்தில் ஒரு வரி குறைவு

கோடை தொடங்கும் மாதத்தில் வானம் பார்க்கிறவர்களுக்கு முதல் தொல்லை கொசுதான். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மாடிக்குப் போங்கள் என்று வருடம் தவறாமல் எழுதுவேன். பத்திரிகையில் ‘இந்த மாத வானம்’ என்னுடைய பகுதி. எந்தக் கோள் எந்தத் திசையில், வெறும் கண்ணுக்குத் தெரியுமா, பைனாகுலர் வேண்டுமா, எல்லாம் சொல்வேன். வாசகர்கள்மேல் எனக்கு அக்கறை அதிகம். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் நடந்துகொண்டே பேசலாமா? உட்கார்ந்தால் கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சில மாதங்களாகவே இப்படித்தான்.

பகுதிக்குப் படம் வரைந்தவர் என் தங்கையின் கணவர். பள்ளியில் ஓவியம் சொல்லித்தருகிறவர். பத்திரிகைக்கு அவரைக் கூட்டிப் போனதே நான்தான். நான் முதலில் எழுதிக் கொடுப்பேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு தன் வீட்டு மாடியில் நின்று, நான் சொன்னதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வரைவார். பார்க்காததை வரைய மாட்டார், அப்படியொரு பிடிவாதம். அவர் மாடிக்கு நேர் மேற்கே நான்கு தூண்களில் ஒரு தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. அதைக்கூடப் படத்தின் ஓரத்தில் போட்டுவிடுவார். வாசகர்களுக்கு அந்தத் தொட்டிமேல் அவ்வளவு பிரியம்.

ஒரு நாள் பத்திரிகை ஆசிரியர் என் முதுகில் தட்டினார். “சார், படத்தைப் பாத்தாலே எல்லாம் புரிஞ்சிடுது. எழுத்தை யாரு சார் படிக்கிறா? அடுத்த மாசத்துலேருந்து உங்க மாப்பிள்ளையே ரெண்டு வரி சேத்துப் போட்டுடட்டும். நீங்க ரெஸ்ட் எடுங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? என் தலைமுடி நரைத்ததே அந்தப் பகுதியை எழுதித்தான். அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் வரவில்லை.

அந்த மாதம் புதன் கோள் மாலையில் இல்லவே இல்லை. விடியலில் கிழக்கே இருந்தது. மாலையில் மேற்கே என்று எழுதினேன். புதன் சூரியனை விட்டு அதிகம் விலகாது. அதனால் அதைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஒரு வரி சேர்ப்பேன்: சூரியன் முழுதாக மறைந்த பிறகே பைனாகுலரைக் கண்ணில் வையுங்கள். இந்த முறை அந்த வரியை விட்டேன். சூரியன் ஏதாவது உயரமான கட்டடத்தின் பின்னால் போனதுமே தேடத் தொடங்கலாம், அதன் விளிம்பை ஒட்டி மேலும் கீழும் நிதானமாகத் தேடுங்கள் என்று எழுதினேன்.

தொட்டிக்குப் பின்னால் போகும் சூரியன் சற்று நேரத்தில் அதன் அடியில், தூண்களுக்கு நடுவே மறுபடி வெளியே வரும். மாப்பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால் தேட ஆரம்பித்தால் அவருக்கு நேரம் போவது தெரியாது. இல்லாத ஒன்றைத் தேடும்போது இன்னும் தெரியாது.

போனில் கேட்டார்: “மச்சான், வெளிச்சம் இருக்கும்போதேவா?”

“ஆமா மாப்ள. இருட்டினா அது கீழ எறங்கிடும்.”

“நீங்க சொன்னா சரிதான்.”

அன்று மாலை முழுவதும் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். தங்கை போன் செய்தபோது செருப்பு காலில் தயாராக இருந்தது. ஆஸ்பத்திரியில், இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி வெந்துவிட்டது, பார்வை திரும்ப வராது என்றார் டாக்டர். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, “மச்சான், உங்க காது தெரியுது, முகம் தெரியல” என்றார். பிறகு, “என் தப்புதான், எங்கயோ அவசரப்பட்டுட்டேன்” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. நோயாளியோடு வாதாடக் கூடாது. தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, உண்மையாகத்தான்.

அச்சுக்குப் போகும் முன் அந்த வரியைத் திரும்பச் சேர்த்திருக்கலாமே என்கிறீர்கள். சேர்த்திருக்கலாம். பேனாவைக்கூட எடுத்தேன். ஆனால் அவரிடம் இருந்த பிரதியும் அச்சில் வந்ததும் வேறு வேறாக இருந்தால் தங்கை கேட்பாள். அவளுக்குச் சந்தேகம் வந்தால் குடும்பம் என்னாவது? அப்படியே போகட்டும் என்று விட்டேன். புதனைப் பார்த்துவிட்டோம் என்று இரண்டு வாசகர்கள் எனக்கு நன்றிகூடச் சொன்னார்கள்.

நீங்கள் வந்தது மாப்பிள்ளைக்காக இல்லை, கண் போன மற்ற ஒன்பது பேருக்காக என்று தெரியும். அதில் ஒரு சிறுமியும் உண்டு என்றீர்கள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவர்களில் யாரையும் எனக்குத் தெரியாது, யார்மேலும் கோபம் கிடையாது.

ஆனால் ஒன்றை மட்டும் வாக்குமூலத்தில் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மாதம் படம் வரவில்லை. வரைய ஆள் இல்லை. அந்த ஒன்பது பேரும் என் எழுத்தைத்தான் படித்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை விடாமல். பத்திரிகை ஆசிரியரைப் பார்த்தால் இதை நீங்களே சொல்லிவிடுங்கள்.