தொடாமல் விட்டது

இரவு பதினொன்றரை மணி. ஹூட்டகள்ளி ரோடு. இந்தப் பக்கம் தொழிற்சாலைச் சுவர். அந்தப் பக்கம் இனிமேல் கட்டப்போகிற தொழிற்சாலைக்கான சுவர். நடுவில் ஒரே ஒரு மொபெட். மேடு வந்தால் அதன் விளக்கு மங்கும், பள்ளம் வந்தால் எரியும். ஓட்டிக்கொண்டிருந்தவர் பேய்க்குப் பயப்படுகிற நிலையில் இல்லை. தூக்கத்துக்குத்தான் பயந்தார்... கண்ணை மூடினால் சாக்கடை.

அவர் பெயர் முரளிதரன். இதோ, மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டிருக்கிறானே சந்திரன், இவனுடைய அக்கா வீட்டுக்காரர். நான் எதையாவது கூட்டிச் சொன்னால் இவன் திருத்துவான். போன தடவை சொன்னபோது ஒன்றையும் திருத்தவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஹாஸ்டலில் கரண்ட் இப்போதைக்கு வராது. நெருங்கி உட்காருங்கள்.

முரளிதரன் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு பெரிய கம்ப்யூட்டர். பீரோ உயரம். அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், கர்ப்பக்கிரகம் மாதிரி. உள்ளே எப்போதும் ஏசி. எப்போதும் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். எப்போதும் ஊறிய சாக்ஸ் வாசனை.

அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் ஒன்பது பொய்க் கம்ப்யூட்டர்கள் ஓடும். ஒவ்வொன்றும் தன்னை முழுக் கம்ப்யூட்டர் என்று நம்பிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு கெஸ்ட் என்று பெயர். எல்லாவற்றையும் சுமக்கிற பெரியது ஹோஸ்ட். கெஸ்ட் மெமரி கேட்கும், ஹோஸ்ட் துண்டு துண்டாக எடுத்துக் கொடுக்கும். வேலை முடிந்ததும் கெஸ்ட் திருப்பித் தர வேண்டும். தராது. நம் மஞ்சுநாத் மெஸ் தட்டை ரூமுக்குத் தூக்கிவந்து, ஆறு மாதமாக அதில் ஷேவிங் செட் வைத்திருக்கிறானே, அப்படி. மெஸ்ஸில் தட்டு இல்லாமல் நாம் நிற்போம்.

"சும்னிரோ குரு" என்றான் மஞ்சுநாத், சும்மா இருடா என்று கன்னடத்தில். தட்டைத் தருகிறேன் என்று சொல்லவில்லை.

இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிவிடும் என்கிறார்கள் அல்லவா... அதைச் சோதித்துப் பார்க்க, திங்கட்கிழமைக்குள் பத்தாவதாக ஒரு கெஸ்ட் வேண்டும் என்று அமெரிக்காக்காரன் கேட்டிருந்தான். புது மெமரி வாங்கக் கம்பெனிக்கு மனசில்லை. இருக்கிற ஒன்பதிடமிருந்து சும்மா கிடப்பதைப் பிடுங்க வேண்டும். அதுதான் முரளிதரனுக்கு மூன்று வாரமாக வேலை.

எது சும்மா கிடக்கிறது என்று எப்படித் தெரியும்? யாரும் தொடாமல் கிடந்தால் அது சும்மா கிடக்கிறது. அரை மணி நேரம் தொடாத துண்டை எடுத்துக்கொள் என்று ஹோஸ்டுக்குச் சொல்லி வைக்கலாம். நேரத்தை ரொம்பக் குறைத்தால் கெஸ்ட் மூச்சு வாங்கும், கொடுத்ததையே திரும்பக் கேட்கும். கூட்டி வைத்தால் ஒன்றும் தேறாது. முரளிதரன் குறைப்பார், பார்ப்பார், கூட்டுவார், பார்ப்பார். விடியும்.

இதற்கு நடுவில் அவர் மனைவி சொர்ணலதா அக்காவுக்கு ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்குத் தாய்வீடான ராமாபுரம் போயிருந்தாள். முரளிதரன் லீவு கேட்டார். மேனேஜர் வெங்கடசுப்ரமணியன் லீவு லெட்டரைப் பணிவாக வாங்கி, காபி டம்ளர் மேல் மூடியாக வைத்துக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் ராமாபுரத்திலிருந்து மாமனார் போன். வலி எடுத்துவிட்டது, கொள்ளேகால் ஆஸ்பத்திரிக்கு வேனில் கூட்டிப்போகிறோம், முதல் பிரசவம், நீங்கள் பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்கிறாள் என்றார். முரளிதரன் மறுபடி மேனேஜரிடம் போய் நின்றார்.

"மெமரி வரட்டும் முரளி. வந்த நிமிஷம் கிளம்பு. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

அதனால்தான் யாதவகிரியில் வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு அந்த ரோட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தார். பையில் இரண்டு சட்டை, அரைக் கிலோ மைசூர்பாகு. வேலையை முடித்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

எட்டு கெஸ்ட் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டன. போதவில்லை. ஒன்பதாவதுதான் பெரியது. அது ஒரு துண்டுகூடத் தரவில்லை.

அது திரிபுரசுந்தரியுடையது. அவள் போன வருஷம் அந்த அறையிலேயே, ராத்திரி ஷிப்டில், கீபோர்டுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்தவள். தூங்குகிறாள் என்று நினைத்து யாரும் எழுப்பவில்லை. காலையில் எழுப்பினார்கள்... எழுந்திருக்கவில்லை. காரியம் முடிவதற்குள்ளேயே அவள் டிராயர், லாக்கர், டீ கப், சைக்கிள் நிறுத்துகிற இடம் எல்லாம் வேறு ஆட்களுக்குப் போய்விட்டன. சும்மாதானே கிடக்கிறது என்றார்கள். கெஸ்ட் மட்டும் போகவில்லை. அதை மூட அவள் கையெழுத்து வேண்டும் என்பது கம்பெனி ரூல்.

யாரும் லாகின் பண்ணாத கெஸ்ட். ஆனால் முரளிதரன் ஸ்கிரீனில் பார்க்கிறார்... அதன் மெமரியில் ஒவ்வொரு துண்டும் இப்போதுதான் தொட்டதாகக் காட்டுகிறது.

கால் மணி நேரம் என்று குறைத்தார். கால் மணி முடிவதற்குச் சற்று முன்னால் எல்லாத் துண்டையும் ஏதோ ஒன்று தொட்டுவிட்டுப் போயிற்று. ஐந்து நிமிடம் என்று மாற்றினார். அதற்குள்ளும் தொட்டாயிற்று. வீட்டில் ஆள் இருக்கிறது என்று காட்டுவதற்காக ஒருத்தி அறை அறையாகப் போய் விளக்குப் போட்டுவிட்டு வருகிற மாதிரி.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

டக்.

வரிசையின் கடைசி மேஜை. அங்கே ஒரு பழைய கீபோர்டு, தூசிக்காக மேலே பிளாஸ்டிக் உறை. அந்த உறை ஒரு இடத்தில் குழிந்து... எழுந்தது. டக்.

இந்த இடத்தில் மல்லிகைப்பூ வாசனை வரும் என்று நினைக்கிறீர்கள். வரவில்லை. வந்தது அமிர்தாஞ்சன். திரிபுரசுந்தரிக்கு ராத்திரி ஷிப்டு என்றால் தலைவலி. நெற்றியில் தடவிய கையோடுதான் வேலை செய்வாள். அவள் கீபோர்டில் என்டர் கட்டை மட்டும் எப்போதும் மஞ்சளாக, பிசுபிசு என்றிருக்கும்.

வேறு ஆளாக இருந்தால் ஓடியிருப்பார். முரளிதரனுக்கு ஓடத் தெம்பில்லை. மணி பார்த்தார். கொள்ளேகாலை நினைத்தார். ஒரு நிமிடம் என்று மாற்றினார்.

டக். டக். டக்.

பத்து விநாடி.

அரிசியை முறத்தில் கொட்டுகிற மாதிரி ஒரே சத்தம். உறை முழுக்கக் குழி விழுந்து விழுந்து எழுந்தது. வாசனை கண்ணை எரித்தது. பிறகு... மெதுவாக, சத்தத்துக்கு நடுவில் இடைவெளி. ஒரு தட்டு. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. மாடிப்படியில் நின்று நின்று ஏறுகிறவர் மாதிரி.

முரளிதரன் நாற்காலியைத் திருப்பாமலே பேசினார்.

"போதும் மேடம். விட்டுடுங்க. நீங்களும் எவ்ளோ நேரந்தான் பாப்பீங்க. நானும் வீட்டுக்குப் போணும்."

டக்... என்று ஒன்று பாதி கேட்டது.

அவ்வளவுதான். ஸ்கிரீனில் ஒன்பதாவது கெஸ்ட் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கடைசித் துண்டுவரை. வாசனை போய்விட்டது. சாக்ஸ் மட்டும் நின்றது.

விடிவதற்கு முன் அதே ரோட்டில் வந்தார். பின் சீட்டில் யாரோ உட்கார்ந்த மாதிரி வண்டி கனத்தது என்று நான் சொல்லப் போவதில்லை. லேசாகத்தான் இருந்தது. ரொம்ப லேசாக. மைசூர்பாகுப் பையை ஏசி ரூமிலேயே மறந்துவிட்டார்.

கொள்ளேகாலில் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். வெங்கடசுப்ரமணியன் போனில் வாழ்த்துச் சொல்லி, லீவை ஒரு வாரம் கூட்டியே கொடுத்தார்.

மீதியைச் சந்திரன்தான் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டான். எனக்கு மட்டும் ஒரு தடவை சொன்னதை நான் சொல்கிறேன். ராமாபுரத்தில் அந்த வாரம் அவனும் இருந்தான். ஒரே கூடத்தில் படுத்திருந்தார்கள்.

முதல் நாள் ராத்திரி முரளிதரன் எழுந்து சொம்பைத் தொட்டார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தான். குடிக்கவில்லை. ஜன்னல் கம்பியைத் தொட்டார். கம்பி கம்பியாக. ஸ்விட்ச், கிரைண்டர், காலண்டர், மாமியார் கால் விரல், சந்திரன் முட்டி... எல்லாவற்றையும் ஒரு விரலால். பிறகு படுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்தார். அடுத்த ராத்திரி, படுத்து எழுந்திருக்கிற இடைவெளி குறைந்தது. மூன்றாம் ராத்திரி அவர் படுக்கவே இல்லை. மூன்று வாரம் தூங்காமல் வேலை பார்த்து லீவு வாங்கி வந்தவர்... சுற்றிக்கொண்டே இருந்தார். கண் பாதி மூடியிருந்தது.

என்னங்க இது, வந்து படுங்களேன் என்றாள் அக்கா.

"தொடாம விட்டா எடுத்துக்குவாங்க லதா."

சாதாரணமாகச் சொன்னார். அரிசி தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி.

எல்லாவற்றையும் தொட்டவர் தொட்டிலை மட்டும் தொடவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதன் பக்கத்தில் வருவார், பார்ப்பார், தாண்டிப் போவார். சந்திரனுக்குத் தாங்கவில்லை. "மாமா, பாப்பாவ மட்டும் ஏன் விடறீங்க?" என்று கேட்டுவிட்டான்.

முரளிதரன் திரும்பிப் பார்த்தார். அந்த வாரத்திலேயே முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

"அத அவங்க பாத்துக்கறாங்கடா."

சந்திரன் எழுந்து தொட்டிலுக்குள் குனிந்தான். குழந்தை விழித்திருந்தது. அழவில்லை. கூரைப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் தைல டப்பியைத் திறக்கவே விடமாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். நெற்றி நடுவில் ஏதோ மினுமினுத்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனான்...

அமிர்தாஞ்சன். ஒரே ஒரு விரல் அகலத்துக்கு. இன்னும் காயவில்லை.